ஹேண்டில்பாரைத் தாழ்த்துமுன்...

 

இம்மாதம் நம் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். மதரஸாவில் பாடம் நடத்துகிறவனுக்கும் மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாருக்கும் என்ன தொடர்பு என்று உங்களுள் சிலர் புன்னகைக்கக்கூடும். சில மாதங்களுக்கு முன்பு வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். என்னுடைய அந்த எண்ணமும் ஒரு பிள்ளையின் மணிக்கட்டு முறிவதற்குக் காரணமாயிற்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

நான் வசிக்கும் மத்திகிரி, ஓசூரை ஒட்டியுள்ள ஊர். தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லைப் பகுதி. வெள்ளையர் ஆண்ட காலத்தில் இங்கே ராணுவத்திற்காகக் குதிரைகள் வளர்க்கப்பட்டன. அவ்விடம் இன்று அரசின் கால்நடைப் பண்ணையாக விளங்குகிறது. குதிரைகள் போன வட்டாரத்தில் பின்னர் இயந்திரக் குதிரைகள் பிறக்கலாயின. 1980-இல் டிவிஎஸ் 50 என்னும் மொபெட் ஓசூர் ஆலையிலிருந்து வெளிவந்தது. இன்று ஷிப்டு மாறும் வேளையில் மத்திகிரி கூட்டுரோட்டில் நின்று பாருங்கள். சாலையைக் கடக்க ஓர் இடைவெளி கிடைப்பதற்குள் நூறு இரு சக்கர வாகனங்கள் கடந்துவிடும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அவற்றில்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள். ஆகவே, எங்கள் ஊரில் வண்டியைப் பற்றிய பேச்சு பிழைப்பைப் பற்றிய பேச்சேயாகும்.

சிறு வயதில் என்னிடம் ஓதிய மாணவன் ஒருவனுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்கிறான். தகப்பனார் மறைந்த வீட்டில் தாயையும் தங்கையையும் தாங்கி நிற்பவன் அவனே. சென்ற ஆண்டு, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், பிறர் ஓட்டிய பழைய குரூஸர் வண்டி ஒன்றை வாங்கினான். இருக்கை தாழ்ந்தும், ஹேண்டில்பார் உயர்ந்து பின்னோக்கி வளைந்தும் இருக்கும் வண்டி. ஒரு நாள் மஃரிப் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் என்னைக் கண்டு, "ஹஸ்ரத், வண்டியின் ஹேண்டில்பாரைத் தாழ்த்தலாம் என்றிருக்கிறேன். புதிதாக ஒன்று வாங்கி மாட்ட மூவாயிரம் ரூபாய் ஆகுமாம்" என்றான்.

அப்போது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதை நான் கேட்கவில்லை. "தங்கையின் திருமணத்திற்குச் சேர்க்க வேண்டிய காசை வண்டி அலங்காரத்தில் அழிக்கப் போகிறாயா?" என்று கடிந்துகொண்டேன். வீண் விரயத்தைப் பற்றி நின்ற இடத்திலேயே ஒரு சிறு பயான் நிகழ்த்திவிட்டேன் என்றும் சொல்லலாம். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு, ஸலாம் சொல்லிப் போய்விட்டான்.

மூன்று வாரம் சென்றிருக்கும். அவனுடைய தாயார் என் வீட்டாரிடம் வந்து, மகன் வண்டியிலிருந்து விழுந்துவிட்டதாகக் கண்ணீர் வடித்தார். போய்ப் பார்த்தேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆறு வாரம் வேலைக்குப் போக முடியாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலைக்குப் போகாத நாள் கூலியில்லாத நாள். நடந்தது இதுதான்: என்னிடம் திட்டு வாங்கிய பின், யாரிடமும் சொல்லாமல், பாதி விலையில் செய்து தருவதாகச் சொன்ன ஒரு கடையில் தட்டையான ஹேண்டில்பாரை மாட்டிக்கொண்டான். தாழ்வான ஹேண்டில்பாருக்குப் பழைய கேபிள்கள் நீளம் மிகுதி. மிஞ்சிய நீளத்தை அந்தக் கடைக்காரர் வண்டியின் சட்டத்தோடு சேர்த்து டேப் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார். நேர்ச்சாலையில் குறையொன்றும் தெரியவில்லை. ஒரு நாள் இரவு, வண்டியை முழுவதுமாகத் திருப்பியபோது கட்டுண்ட ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபட்டது. கை முறுக்காமலேயே என்ஜின் சீறியது. அதே நொடியில் கட்டை விரல் ஹேண்டில்பாருக்கும் பெட்ரோல் டேங்குக்கும் இடையே நசுங்கியது. வண்டி முன்னே பாய்ந்து சாய்ந்தது. பின்னால் லாரி ஏதும் வராதது அல்லாஹ்வின் கருணை.

"இதை ஏனப்பா மாற்றினாய்?" என்று அன்றுதான் கேட்டேன். "இரண்டு தோளும் கடுக்கும் ஹஸ்ரத். பாட்டியைப் பார்க்கக் கிருஷ்ணகிரிக்குப் போய்ச் சேருவதற்குள் விரல்கள் மரத்துப்போகும். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு அப்படி ஓட்ட முடியவில்லை" என்றான். "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே!" என்றேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. நான் சொல்ல விட்டேனா என்பது எனக்கு விளங்கிவிட்டது.

அதன் பிறகு, பல ஆண்டுகள் பழக்கமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் அந்த வண்டியைக் கொண்டு சென்றேன். அவரிடம் கேட்டு அறிந்தவற்றையும், படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

குரூஸர் என்பது, நெடுந்தொலைவு நேராகச் செல்லும் சாலைகளை எண்ணி அமெரிக்காவில் வளர்ந்த வண்டி வகை. நம் நாட்டில் 2001-இல் வந்த கவாஸாகி பஜாஜ் எலிமினேட்டர், 2005-இல் வந்த பஜாஜ் அவெஞ்சர், 2020-இல் வந்த ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350 ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் அமர்பவரின் கால்கள் உடலுக்கு முன்னால் நீண்டிருக்கும். முதுகு நிமிர்ந்தோ சற்றே பின் சாய்ந்தோ இருக்கும். கைகள் அதற்கு ஏற்ற உயரத்தில் வந்து சேரும்.

ஆக, ஓட்டுகிறவரின் உடல் மூன்று இடங்களில் வண்டியோடு பொருந்துகிறது. அமரும் இடம் ஒன்று, கை பிடிக்கும் இடம் ஒன்று, கால் வைக்கும் இடம் ஒன்று. இம்மூன்றும் தம்முள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டவை. ஒன்றை நகர்த்தினால் மற்ற இரண்டின் வேலையும் மாறிவிடும். மதரஸாவில் நான் நாள்தோறும் காண்பது இதுவே. ஓதும் பலகை தாழ்வாக இருந்தால், அதன் முன் அமரும் உயரமான பிள்ளை கூன் போட்டே ஓதுவான். 'நிமிர்ந்து உட்கார்' என்று எத்தனை முறை அதட்டினாலும் பயனில்லை. பலகையின் கீழ் ஒரு மனையை வைத்தால் அவன் தானே நிமிர்வான். இத்தனை ஆண்டுகள் இதைச் செய்து வந்த நான், அதே உண்மையை ஒரு வண்டியில் காணத் தவறினேன்.

குரூஸரில் ஹேண்டில்பாரை மட்டும் தாழ்த்தி முன்னே தள்ளினால் என்னவாகும்? கைகள் முன்னே போகும். அவற்றைத் தொடர்ந்து மார்பும் முன்னே சாயும். கால்களோ முன்னரே முன்னால் நீண்டிருக்கின்றன. நடுவில் இருக்கும் முதுகு பிறை போல வளைந்துவிடும். உடலின் எடை இடுப்பின் அடியிலும் வால் எலும்பிலும் போய் இறங்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால், கால்களை ஊன்றிச் சற்றே எழுந்து அந்த அதிர்ச்சியைத் தாங்கவும் வழியிராது. குதிரைச் சவாரியை எண்ணிப் பாருங்கள். சவாரி செய்பவரின் பாதங்கள் அங்கவடியில், அவர் உடலுக்கு நேர் கீழே இருக்கும். ஆகவே குதிரை துள்ளும்போது அவர் எழுந்து கொடுக்க முடிகிறது. குரூஸர் ஓட்டுபவருக்கு அந்த வசதி குறைவு. அவருடைய முதுகுக்கு நிமிர்ந்த இருப்பே காவல்.

வண்டி செய்கிறவர்கள் இதை நன்கு அறிவார்கள். 2018-இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 என்னும் இரு வண்டிகளை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் என்ஜின் ஒன்றே. இவை குரூஸர்கள் அல்ல என்றாலும் நமக்குப் பாடம் தருகின்றன. இன்டர்செப்டரில் ஹேண்டில்பார் உயர்ந்திருக்கும். கான்டினென்டல் ஜிடியில் அது தாழ்ந்து முன்னே இருக்கும். அவ்வாறு கையைத் தாழ்த்தியவர்கள், கால் வைக்கும் ஃபுட்ரெஸ்டையும் பின்னோக்கி நகர்த்தினார்கள். முன்னே சாயும் உடலின் எடையில் ஒரு பங்கைக் கால்கள் தாங்க வேண்டுமல்லவா?

அப்படியானால் குரூஸரின் ஹேண்டில்பாரைத் தாழ்த்துவதே தவறா? இல்லை. 2015-இல் அவெஞ்சர் வண்டியே குரூஸ், ஸ்ட்ரீட் என்னும் இரு வடிவங்களில் வெளிவந்தது. குரூஸில் உயர்ந்த ஹேண்டில்பார், ஸ்ட்ரீட்டில் தாழ்ந்து தட்டையான ஹேண்டில்பார். எல்லா உடலுக்கும் ஒரே உயரம் பொருந்தாது என்பதற்கு இதுவே சான்று. தோளை நெருங்கும் உயரத்தில் கைகளை நெடுநேரம் ஏந்தியிருந்தால் தோள் கடுக்கும், விரல் மரக்கும். காற்றும் ஒரு காரணம். வண்டியின் வேகம் இரு மடங்கானால் மார்பில் மோதும் காற்றின் விசை நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் தென்றலாக இருப்பது 80 கிலோமீட்டர் வேகத்தில் நெஞ்சைப் பிடித்துப் பின்னே தள்ளும். ஓட்டுகிறவர் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டே போக நேரும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரையுள்ள ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் என் மாணவன் பட்ட துன்பம் இதுதான். அவனுடைய காரணம் நியாயமானது. அவன் தேடிச் சென்ற வழியே பிழையானது.

தாழ்த்துவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, உள்ள ஹேண்டில்பாரையே அதன் கிளாம்பில் சற்றுச் சுழற்றி வைப்பது. பின்னோக்கி வளைந்த உயரமான ஹேண்டில்பாரை ஓட்டுநர் பக்கம் சிறிது சுழற்றினால் கைப்பிடிகள் தாழ்ந்து அருகே வரும். செலவு அநேகமாக இல்லை. மனம் ஒப்பாவிட்டால் பழையபடி திருப்பிக்கொள்ளலாம். இரண்டாவது வழி, ஹேண்டில்பாரைத் தாங்கி நிற்கும் ரைசரை உயரம் குறைந்ததாக மாற்றுவது. மூன்றாவது வழி, ஹேண்டில்பாரையே மாற்றுவது. நம் இளைஞர்கள் பெரும்பாலும் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறார்கள். முதல் வழியிலேயே குறை தீர்ந்துவிடக்கூடும் என்று எவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

எந்த வழியைக் கொண்டாலும், வண்டியைச் சாலைக்கு எடுக்குமுன் சிலவற்றைச் சோதித்தே ஆக வேண்டும்.

முதலாவதாக, வண்டியை நடு ஸ்டாண்டிலோ வேறு உறுதியான தாங்கியிலோ நிறுத்தி, நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடக்கோடி முதல் வலக்கோடி வரை மெல்லத் திருப்புங்கள். என்ஜினின் ஓசை சிறிதும் ஏறக் கூடாது. ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று பொருள். இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் என் மாணவன் விழுந்திருக்க மாட்டான்.

இரண்டாவதாக, இரு கோடிகளிலும் கைப்பிடிக்கும் டேங்குக்கும் இடையே விரல்கள் தாராளமாக நுழைய இடமிருக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் முழங்காலிலும் தொடையிலும் இடிக்கவும் கூடாது.

மூன்றாவதாக, கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் மின்கம்பிகளும் எங்கும் ஒடுங்கி மடியவோ, விறைத்து இழுபடவோ, ஃபோர்க்கில் உராயவோ கூடாது. நீளம் மிகுந்தால் டேப் சுற்றி மறைப்பது தீர்வாகாது. பொருத்தமான நீளமுள்ளதை வாங்கி மாட்ட வேண்டும்.

நான்காவதாக, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாயின், பிரேக் ஆயில் இருக்கும் சிறு கிண்ணம் ஹேண்டில்பாரிலேயே இருக்கும். ஹேண்டில்பாரைச் சுழற்றும்போது அதுவும் சாயும். அதைத் தளர்த்தி மட்டமாக வைத்து மீண்டும் இறுக்க வேண்டும். கிளட்ச், பிரேக் பிடிகளையும், முன்கை நேராக இருக்கையில் விரல் இயல்பாகப் போய்ச் சேரும்படி திருப்பிக்கொள்ள வேண்டும். கண்ணாடிகளையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும்.

ஐந்தாவதாக, கிளாம்ப் போல்ட்டுகள். எதை முதலில் இறுக்குவது, எந்த அளவுக்கு இறுக்குவது என்பதெல்லாம் அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். கைக்கு வந்தபடி இறுக்கினால், தளர்ந்து ஹேண்டில்பார் சுழலவும் கூடும். மிகுந்து போல்ட் முறியவும் கூடும். சில நாள் ஓட்டிய பின் மறுமுறையும் இறுக்கத்தைச் சரிபார்ப்பது நலம்.

சட்டத்தையும் மறந்துவிடலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் வகுத்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உள்ளதைக் கிளாம்பில் சரிசெய்துகொள்வது வேறு, வேறொரு பொருளை வாங்கி மாட்டுவது வேறு. இரண்டாவதைச் செய்ய விரும்புகிறவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வதே அறிவுடைமை. விபத்து நேர்ந்த பின் காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்பும்போது, 'கடைக்காரர் சொன்னார்' என்னும் பதில் உதவாது.

புதிதாக வண்டி வாங்கப் போகிற இளைஞனுக்கு ஒரு சொல். கடையில் வண்டியின் நிறத்தைப் பார்க்கும் நேரத்தில் ஒரு பங்கையேனும் அதன் மீது அமர்ந்து பார்ப்பதற்குச் செலவிடு. கண்ணை மூடிக்கொண்டு உட்கார். கைகளை நீட்டு. முழங்கை சற்றே மடிந்து, தோள் இறங்கி, முதுகு இயல்பாக நிமிர்ந்து இருக்கிறதா என்று பார். ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தாலோ, கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தாலோ, அது உன் உடலுக்கான வண்டியன்று. நண்பனின் உடலுக்கு அது பொருந்தியிருக்கலாம். அவனுடைய கை நீளம் உன்னுடையதன்று.

பெற்றோர்களுக்கும், என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு சொல் உண்டு. பிள்ளைகள் வண்டியில் எதையேனும் மாற்ற வேண்டும் என்று சொல்லும்போது, நம் நாவில் முதலில் வருவது 'ஏன் இந்த ஆடம்பரம்?' என்பதே. சில வேளை அது ஆடம்பரமாகவே இருக்கலாம். ஆனால் அதை அறிவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, 'உனக்கு எங்கே வலிக்கிறது?' என்பது. அதைக் கேட்டிருந்தால், தோள் என்று அவன் சொல்லியிருப்பான். நானும் அவனும் சேர்ந்தே அந்த மெக்கானிக்கிடம் போயிருப்போம். ஏசப்பட்ட பிள்ளை தன் எண்ணத்தை விட்டுவிடுவதில்லை. அதை நம் கண்ணுக்கு மறைவாக, மலிவான இடத்தில் செய்துகொள்கிறான். அங்கே அவனுக்கு நல்லது சொல்ல எவரும் இருப்பதில்லை.

மாவுக்கட்டுப் பிரித்த பின் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பரணில் கிடந்த பழைய ஹேண்டில்பாரை எடுத்துக்கொண்டு மூவரும் அமர்ந்தோம். மெக்கானிக் அதை மாட்டி, மாணவனை வண்டியில் உட்கார வைத்து, அவனுடைய தோளையும் முழங்கையையும் பார்த்துப் பார்த்து, ஏறத்தாழ இரண்டு விரல் அளவு தாழும்படி சுழற்றி இறுக்கினார். சொன்ன சோதனைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். அரை மணி நேர வேலை. கூலி கேட்டதற்குத் தேநீர் போதும் என்றார்.

இப்போது தோள் வலி பெருமளவு குறைந்திருக்கிறது என்கிறான். முற்றிலும் போய்விடவில்லை. ஆகவே கிருஷ்ணகிரிக்குப் போகும்போது சூளகிரியில் வண்டியை நிறுத்திக் கைகளை உதறிவிட்டு, ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகிறான். மணிக்கட்டு கூடிவிட்டது. எனினும் கனமான பொருளைத் தூக்கும்போது இன்னும் முகம் சுளிக்கிறான். அதைக் காணும்போதெல்லாம் பள்ளிவாசல் வாயிலில் நான் நிகழ்த்திய பயான் என் நினைவுக்கு வருகிறது.

உங்கள் வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளை இருந்தால், இன்று இரவு அவன் வேலையிலிருந்து திரும்பியதும், உட்கார வைத்துக் கேளுங்கள்: 'ஓட்டும்போது உனக்கு எங்கேனும் வலிக்கிறதா?' அவன் சொல்வதை முழுவதும் கேளுங்கள். அதன் பின் ஸ்பேனரை எடுக்கலாம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.